நாற்சந்தி முகம்

செங்கரை மாவட்டத்தில் மங்கையர்க்கரசியின் முகம் இல்லாத தெரு இல்லை. பேருந்து நிலைய ரவுண்டானாவில் இருபதடி உயரத்துக்குக் கும்பிட்டபடி நின்றாள். ஆற்றுப்பாலத்தின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கும்பிட்டாள். மீன் மார்க்கெட், ரேஷன் கடை, மாவட்டச் சிறைக்கு எதிரே இருந்த மாட்டாஸ்பத்திரியின் மதில் என்று எங்கே திரும்பினாலும் அதே மூக்குக்கண்ணாடி, அதே மெரூன் கரைப் புடவை, அதே புன்னகை. கீழே கொட்டை எழுத்தில் ‘பிறழாத சாட்சி! தப்பாத குற்றவாளி! உங்கள் அரசு வழக்கறிஞர் அரசி!’

மூக்குக்கண்ணாடி அவளுடையது அல்ல. அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஃப்ளெக்ஸ் அச்சகம் வைத்திருந்த அவள் கொழுந்தன் குபேந்திரன் கணினியில் ஒட்டிய கண்ணாடி அது. “வெறும் முகம் பேனர்ல நிக்காது அண்ணி. கண்ணாடி போட்டாத்தான் படிச்ச களை வரும்” என்றான். பேனரில் இருப்பது முகத்தில் இல்லையென்றால் வாக்காளர்கள் குழம்புவார்கள் என்பதால், பிறகு அதே மாதிரி ஒன்றை வெறும் கண்ணாடியில் செய்து வாங்கி மாட்டிக்கொண்டாள்.

“சௌந்தரபாண்டியனுக்கும் நீதானேடா அடிச்சுக் குடுக்கறே?” என்று கேட்டாள். சௌந்தரபாண்டியன் எதிர் வேட்பாளர்.

“அது தொழில் அண்ணி. ஆனா அவருக்கு மை கம்மியாத்தான் விடறேன். ரெண்டு வெயிலுக்கு வெளுத்துடுவாரு, பாருங்க.”

அரசு வழக்கறிஞர் பதவிக்குத் தேர்தலா என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதற்கு முன்பு நடந்ததை நினைத்தால் சிரிக்க முடியாது. ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர் மாறுவார். அரசு வழக்கறிஞர் மாறினால் சாட்சிகள் மாறுவார்கள். போலீஸிடம் ‘கண்ணால் பார்த்தேன்’ என்று சொன்னவர் கூண்டில் ஏறியதும் ‘அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை’ என்பார். சட்டம் இவரைப் பிறழ் சாட்சி என்று மரியாதையாக அழைத்தது. இப்படியே வழக்குகள் உதிர்ந்து உதிர்ந்து, ஒரு கட்டத்தில் திருடு கொடுத்தவர்கள் புகார் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள். அரசாங்கம் யோசித்து, போன நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர இரண்டு ஏற்பாடுகள் செய்தது. ஒன்று, அரசு வழக்கறிஞரை மக்களே தேர்ந்தெடுக்கலாம். இன்னொன்று, சாட்சிப் பேழை.

பேழை வேலை செய்யும் விதம் எளிமையானது. நாம் ஒன்றை நினைத்துப் பார்க்கும்போது, அதைப் பார்த்தபோது இயங்கிய மூளைப் பகுதிகளே மறுபடியும் இயங்குகின்றன. அந்த இயக்கத்தைப் படித்துப் படமாக வரையக் கருவி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதைக் கொஞ்சம் திருத்தித்தான் உள்ளே வைக்கிறது. எனவே சம்பவம் நடந்த சூட்டோடு, சாட்சி அதை முதல்முறை சொல்லும்போதே தலையில் ஒரு தொப்பியை மாட்டிப் படத்தைப் பிடித்து முத்திரை வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சாட்சியை மிரட்டலாம், பேரம் பேசலாம், பிரியாணி வாங்கிக் கொடுக்கலாம். பேழைக்குள் இருப்பது பிறழாது.

செங்கரையில் பேழையை வைத்து நடந்த முதல் கொலை வழக்கை நடத்தியவள், அப்போது உதவி அரசு வழக்கறிஞராக இருந்த மங்கையர்க்கரசிதான். மின்சாரம் போயிருந்த ஒரு மாலைக் கருக்கலில், பேருந்து நிலையத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் சங்கிலியை எவனோ அறுத்தான். டீச்சர் நடைமேடையிலிருந்து விழுந்து இறந்துபோனார். பார்த்தவர்கள் மூன்று பேர்: ஒரு பூக்காரம்மா, ஒரு கண்டக்டர், ஒரு கல்லூரி மாணவி. ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். பேழையைத் திறந்தபோது மூன்று பேருடைய நினைவிலும் ஒரே முகம் இருந்தது. டெம்போ ஓட்டும் தீனதயாளனின் முகம், கூலிங் கிளாஸுடன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “கரண்ட் போன இருட்டுல எவன்மா கூலிங் கிளாஸ் போடுவான்?”

“முகத்தை மறைக்க நினைக்கறவன் போடுவான் சார்” என்றாள் மங்கையர்க்கரசி. கோர்ட்டே சிரித்தது. தீனாவின் மனைவி பொன்மலர் கூண்டில் ஏறி, அந்த நேரத்தில் அவர் வீட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார் என்று சொன்னாள். “பொண்டாட்டி வேற என்ன சொல்வா?” என்று மங்கையர்க்கரசி கேட்டதற்கும் கோர்ட் சிரித்தது. ஆயுள் தண்டனை. அந்த இரண்டு பதில்களும் ஊரெல்லாம் சுற்றி வந்துதான் அவளை வேட்பாளராக்கின.

அவளுடைய ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொன்மலர் வந்தாள். கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டியபடி கடைசிவரை நின்றுவிட்டுப் போனாள்.

“விடுங்க அண்ணி, ஒரு ஓட்டுதானே” என்றான் குபேந்திரன்.

தோப்புத் தெருவில் வாக்குக் கேட்டுப் போனபோது சரோஜா என்ற இட்லிக்கடைக்காரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “தாயி, வெள்ளத்தப்ப படகுல வந்து எம் மகளைத் தூக்குன மகராசி நீங்கதானே! அப்பவும் இதே கண்ணாடிதான் போட்டிருந்தீங்க!”

வெள்ளம் வந்த வருடம் மங்கையர்க்கரசி மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். மறுக்க வாயைத் திறந்தாள். குபேந்திரன் அவள் காலை மெதுவாக மிதித்தான். சுற்றிலும் பத்துப் பதினைந்து செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் வாயை மூடிப் புன்னகைத்தாள். பேனரில் இருந்த அதே புன்னகை, தானாகவே வந்தது.

வாக்குப்பதிவுக்கு இன்னும் சில நாள்களே இருந்தபோது டெய்சி கூப்பிட்டாள். டெய்சி பள்ளித் தோழி. மூளைப் பொறியியல் படித்துவிட்டு, நீதிமன்ற வளாகத்தின் பின்கட்டில் சாட்சி அறைக்குப் பொறுப்பாக இருந்தாள்.

“வாங்க வேட்பாளரே” என்று கதவைத் திறந்தாள். “உன்னை அரெஸ்ட் பண்ணணும்டி.”

“என்னத்துக்கு?”

“ஆடு திருடினதுக்கு.”

திரையில் படம் ஓடியது. மழை பெய்யும் மங்கலான மாலை. சந்தைப்பேட்டை வேலி ஓரம். லுங்கியை மடித்துக் கட்டிய, முண்டா பனியன் போட்ட, தாட்டியான ஓர் ஆசாமி தோளில் ஒரு வெள்ளாட்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். அவன் கழுத்துக்கு மேலே மங்கையர்க்கரசியின் முகம். மூக்குக்கண்ணாடியோடு புன்னகை செய்தது. இரண்டு கைகளும் கும்பிட்டபடி இருந்ததால் ஆடு எதைப் பிடித்துக்கொண்டு தோளில் நிற்கிறது என்று தெரியவில்லை.

“இது டீக்கடைக்காரரோட நினைவு. இன்னும் மூணு பேரு பார்த்திருக்காங்க. நாலு பேருக்கும் இதே மூஞ்சிதான். ‘சொல்லவே கூச்சமா இருக்கும்மா, நம்ம அரசியம்மா சாடைதான்’னு தலையச் சொறியறாரு மனுஷன். ஏட்டய்யா எஃப்.ஐ.ஆர். போட பயந்துக்கிட்டு ஓரமா ஒக்காந்திருக்காரு.”

மங்கையர்க்கரசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எப்படிடி இது?”

டெய்சிக்கு விளக்கம் சொல்வதென்றால் டீ ஆறுவதுகூடத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நீ நினைக்கற மாதிரி மூளை கேமரா இல்லை. கோலம் போடற மாதிரி. சம்பவம் நடக்கும்போது புள்ளி மட்டும்தான் வைக்கும். லுங்கி, ஆடு, மழை, ஓட்டம், அவ்வளவுதான். அப்புறம் நீ அதை நினைச்சுப் பார்க்கறப்பதான் கோடு இழுக்கும். எங்க புள்ளி விட்டுப்போச்சோ, அங்க கை பழகின கோலம் தானா வந்துடும். இருட்டுல மூஞ்சி சரியாத் தெரியலையா? மூஞ்சியில்லாம ஒரு ஆளை மூளையால வரைய முடியாது. அடிக்கடி பார்க்கற மூஞ்சி எதுவோ அதை எடுத்து ஒட்டிடும். இப்போ இந்த ஊர்ல யாரைப் பார்த்தாலும் உன் மூஞ்சியத்தான் நாளைக்கு நூறு தடவை பார்க்கறாங்க.”

“அப்ப பொய் சொல்றாங்களா?”

“பொய்யே இல்லைடி. அவங்களுக்கு அது நிஜமாவே ஞாபகம். கிட்டக்க, நல்ல வெளிச்சத்துல பார்த்திருந்தா இப்படி ஆகாது. நாங்க சோதனை பண்ணதெல்லாம் வெளிச்சத்துல. அதுவும் பேனர் இல்லாத ஊர்ல.”

“நாலு பேருமா ஒரே மாதிரி…”

“நாலு பேரும் ஒரே சந்தையிலதானே கடை போட்டிருக்காங்க? ஒரே பேனரைத்தானே பார்க்கறாங்க?”

மங்கையர்க்கரசியின் சிரிப்பு மெல்ல நின்றது. திரையில் அவளுடைய முகம் மட்டும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

“டெய்சி, இருட்டுல எவன் கூலிங் கிளாஸ் போடுவான்?”

“எந்தக் கூலிங் கிளாஸ்?” என்று கேட்ட டெய்சி, கேட்டு முடிக்கும் முன்பே புரிந்துகொண்டாள். அவர்கள் இருவரும்தான் அந்த மூன்று நினைவுகளையும் கோர்ட்டில் போட்டுக் காட்டியவர்கள்.

குபேந்திரனின் அச்சகத்தில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. “தீனா பேனரா?” என்று அவன் தலையைச் சொறிந்தான். “ஆமா அண்ணி, அவன் ஃப்ரெண்ட்ஸ் பொறந்தநாளுக்கு அடிச்சாங்க. பஸ் ஸ்டாண்டு ரவுண்டானாவுலதான் கட்டியிருந்தாங்க. அந்த டீச்சரம்மா செத்தப்பகூட அங்கதான் நின்னுச்சு. பர்மிஷன் இல்லாம கட்டியும் ஒரு மாசம் யாரும் கண்டுக்கலை.” கணினியைத் திறந்து தேடினான். “இதோ.”

‘களம் காணாத சிங்கமே! வானம் பார்க்காத நட்சத்திரமே!’ என்ற வரிகளுக்குக் கீழே தீனதயாளன் நெஞ்சில் கை கட்டி நின்றான். கூலிங் கிளாஸ் பளபளத்தது.

“இந்தக் கண்ணாடியைத் தேடித் தேடியும் போலீஸால அவன்கிட்ட இருந்து எடுக்க முடியலை” என்றாள் மங்கையர்க்கரசி. “ஆத்துல எறிஞ்சுட்டான்னு நான் வாதாடினேன்.”

“அவன்கிட்ட ஏது அண்ணி கண்ணாடி?” குபேந்திரன் சாதாரணமாகச் சொன்னான். “பசங்க கொண்டுவந்த போட்டோவுல கண்ணை மூடியிருந்தான். வேற போட்டோ இல்லைன்னாங்க. நான்தான் ஒட்டுனேன். நம்ம கடைக் கண்ணாடி. போன வாரம்கூட ஒரு காதுகுத்துக்கு ஒட்டுனேன்.”

மூன்று பேர் பார்த்த கண்ணாடி. உலகத்தில் எங்கேயும் இல்லாத, இந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கிற கண்ணாடி. மங்கையர்க்கரசி தன் மூக்கில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் குபேந்திரன் பதறிப்போய் இயந்திரங்களை நிறுத்தினான். “அண்ணி, கும்பிட்டுக் கேக்கறேன். பேழைன்னு சொல்லித்தான் ஓட்டே கேக்கறோம். அதையே ஓட்டைன்னா நம்ம கதி? மொதல்ல ஜெயிங்க. பதவிக்கு வந்தப்புறம் நீங்களே அவனை வெளிய கொண்டுவாங்க. அப்ப அதிகாரம் இருக்கும்ல?”

அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பதவிக்கு வந்த பிறகு, நம்பிக்கை இப்போதுதான் துளிர்க்கிறது, கொஞ்சம் பொறுக்கலாம் என்று தோன்றும். அதுவும் நியாயமாகத்தான் படும். தீனதயாளன் உள்ளேயே இருப்பான்.

“ஓட்டுப் போடறவங்களுக்கு எதுக்குப் போடறோம்னு தெரியணும் குபேந்திரா” என்றாள். “திரையைக் கட்டு. பெருசாக் கட்டு.”

கடைசிக் கூட்டம் பேருந்து நிலைய மைதானத்தில் நடந்தது. முதலில் அவள் ஆட்டுப் படத்தைப் போடச் சொன்னாள். மைதானம் விசிலடித்தது. “அக்கா, ஆட்டுக்கறி எங்களுக்கில்லையா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். டெய்சி சொன்னதை அவள் தன் பாணியில் எடுத்துச் சொன்னாள். புள்ளி, கோடு, பழகின கோலம். ஜனங்கள் தலையாட்டிச் சிரித்தார்கள்.

பிறகு தீனாவின் பிறந்தநாள் பேனர் திரையில் வந்தது. பக்கத்திலேயே அந்த மூன்று பேரின் நினைவுகள். நான்கு கூலிங் கிளாஸ்கள். ஒரே கோணம், கண்ணாடியின் மூலையில் ஒரே வெள்ளைப் பளபளப்பு.

சிரிப்பு முன்வரிசையில் நின்று, அலை போலப் பின்வரிசை வரைக்கும் அடங்கியது.

“அந்தக் கண்ணாடியே கிடையாது” என்றாள் மங்கையர்க்கரசி. “இதைக் கோர்ட்டுல ஒருத்தர் கேட்டார். நான் அவரைக் கிண்டல் பண்ணினேன். நீங்க சிரிச்சீங்க. அந்தச் சிரிப்புக்குத்தான் இன்னைக்கு இங்க நிக்கறேன். நான் ஜெயிச்சாலும் தோத்தாலும் நாளைக்குக் காலையில ஹைகோர்ட்டுல தீனதயாளனுக்காக மனுப் போடறேன். இருட்டுல பார்த்த சாட்சிகளை வச்சு நான் வாங்கிக் குடுத்த தண்டனை எல்லாத்தையும் திருப்பி விசாரிக்கச் சொல்லப்போறேன். எல்லாமே தப்புன்னு சொல்லலை. எது தப்புன்னு எனக்குத் தெரியலை.”

கைதட்டல் எழவில்லை. பொன்மலர் வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்றாள். அவளுடைய தோள்கள் ஒருமுறை குலுங்கியதை மேடையிலிருந்து பார்க்க முடிந்தது. மேடைக்குப் பின்னால் குபேந்திரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

சௌந்தரபாண்டியன் சும்மா இருக்கவில்லை. ‘இவரா நீதி காப்பார்?’ என்று கேட்டு, ஆட்டோடு ஓடும் மங்கையர்க்கரசியை ஊர் முழுக்க பேனராக வைத்தார். அவசர வேலை என்பதால் அதையும் குபேந்திரனே அடித்துக் கொடுத்தான். அவள் முகம் இல்லாமல் மிச்சமிருந்த இரண்டு மூன்று சந்துகளிலும் இப்படியாக அவள் முகம் வந்து சேர்ந்தது.

மங்கையர்க்கரசி பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த வெற்றி என்றுதான் முதலில் நினைத்தாள். ஊருக்குள் நன்றி சொல்லப் போனபோதுதான் மெதுவாக விளங்கியது. இரும்புக்கடைக்காரர் மாலை போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். “தீனா கேஸ்ல நீங்க அவனுக்காக அப்பவே கத்துனீங்களேம்மா! நான் கடைசி பெஞ்சுல ஒக்காந்திருந்தேன்.”

“ஐயா, நான் அவருக்கு எதிரா கத்தினேன்.”

“பாத்தியா, தற்பெருமையே இல்லை” என்று அவர் மனைவியிடம் சொன்னார்.

தீனதயாளன் விடுதலையான அன்று சிறைவாசலில் தாரை தப்பட்டை முழங்கியது. நண்பர்கள் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் தீனாவும் அரசியும் அருகருகே நின்றார்கள். இருவருக்கும் கண்ணாடி இருந்தது. தீனாவுடையது மட்டும் வெள்ளைக் கண்ணாடி. பேனரில் கறுப்புக் கண்ணாடி ஒட்டுவதைத் தடைசெய்து அரசாணை வந்துவிட்டதாக டெய்சி போனில் சொல்லியிருந்தாள். பேழையில் கோளாறு எதுவும் இல்லை என்று அரசாங்கம் போட்ட ஆய்வுக் குழு முடிவு செய்துவிட்டதாம்.

தீனா இளைத்திருந்தான். நேராக வந்து அவள் காலில் விழப்போனான். அவள் தடுத்துப் பிடித்தாள்.

“நீங்க இல்லைன்னா நான் செத்திருப்பேன் மேடம். அன்னைக்குக் கோர்ட்டுல எனக்காகக் கேட்டீங்களே, அதை நெனச்சுத்தான் உள்ள நாளை ஓட்டுனேன்.”

“தீனா, நான் என்ன கேட்டேன்?”

“கரண்ட் போன இருட்டுல எவன் கூலிங் கிளாஸ் போடுவான்னு கேட்டீங்களே. படத்துல போட்டிருக்கீங்களே, அந்தக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே கேட்டீங்க. அப்படியே கண்ணுக்குள்ள இருக்கு.” அவன் சிறை மதிலுக்கு மேலே ஒரு சின்ன ஜன்னலைக் காட்டினான். பிறகு அதற்கு எதிரே, மாட்டாஸ்பத்திரி மதிலைக் காட்டினான். “அந்த ஜன்னல்ல நின்னா உங்க படம் தெரியும். தெனமும் பாத்துக்குவேன்.”

மதிலில் அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மங்கையர்க்கரசி கூட்டத்தில் கண்களால் தேடினாள். பொன்மலர் வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். மங்கையர்க்கரசி சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றாள். பயமாக இருந்தது. என்ன பதில் வந்தால் பயம் போகும் என்று அவளுக்கே தெரியவில்லை.

“உங்களுக்கும் அப்படித்தான் ஞாபகமா? நான் அவருக்காகப் பேசினேன்னு?”

பொன்மலர் நிமிர்ந்து பார்த்தாள். “‘பொண்டாட்டி வேற என்ன சொல்வா’ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ஜட்ஜும் சிரிச்சாரு. அன்னைக்கு உங்க மூஞ்சில கண்ணாடி இல்லை.”

மங்கையர்க்கரசி நீண்ட மூச்சு விட்டாள். “எப்படி உங்களுக்கு மட்டும்…”

“உங்க படம் வந்தா திரும்பிக்குவேன். பஸ்ஸுல போனா பாலம் தாண்டுறவரைக்கும் கண்ணை மூடிக்குவேன். கூட்டத்துக்கு வந்தா காதை மட்டும் குடுப்பேன்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “பாக்கவே பிடிக்கலை.”

பின்னால் தப்பட்டை வேகம் பிடித்தது. ‘நீதியரசி வாழ்க’ என்று யாரோ கத்தினார்கள்.

“பேழை கேஸ் எல்லாத்தையும் விசாரிக்கச் சொல்லி ஹைகோர்ட் ஒரு நீதிபதியை அனுப்பப் போகுது. அந்தக் கேஸை நான் எப்படி நடத்தினேன்னு அவர்கிட்ட யாராவது சொல்லணும். இங்க இருக்கற யாரைக் கூப்பிட்டாலும் என்னைப் புகழ்ந்துதான் சாட்சி சொல்வாங்க. நீங்க வருவீங்களா?”

“உங்க மேலயா?”

“ஆமா.”

பொன்மலர் யோசித்தாள். “அந்தத் தொப்பியை மாட்டணுமா?”

“வேண்டாம். கூண்டுல ஏறி, வாயால.”

“அப்ப வர்றேன்.”

“அதுவரைக்கும்…” என்று ஆரம்பித்த மங்கையர்க்கரசி மதிலில் இருந்த தன் படத்தை ஒருமுறை பார்த்தாள். “அதுவரைக்கும் தயவுசெஞ்சு என் பக்கம் திரும்பாதீங்க.”

பொன்மலர் சரி என்று தலையசைத்துவிட்டு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.